எழிலரசன் இப்போது வீட்டோடு இருக்கிறார்

சாயப்பட்டறையில் நாளெல்லாம் நின்றே வேலை பார்த்தவள் நான், இன்ஸ்பெக்டர் மேடம். இப்படி ஒரு நாற்காலி கிடைப்பது அபூர்வம்.

ஆரம்பத்தில் தப்பு என்னுடையதுதான். ஆடி மாதம் படவேட்டுக் கோயிலில் என் வீட்டுக்காரர் எழிலரசன் பாடியதைப் போனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியவள் நான். சும்மா இருந்திருக்கலாம். பெருமை விடவில்லை. மூன்றே மாதத்தில் பாட்டு மலேசியா வரைக்கும் போனது. தறியை விட்டுவிட்டு அவரும் அதன் பின்னாலேயே போனார்.

ஊருக்கு வந்தால் பல் விளக்கும்போதும் செல்ஃபி கேட்டு ஆள் நிற்கும். டீக்கடைக்குப் போகவே பயந்தார். மகள் சுகன்யாவின் மஞ்சள் நீராட்டுக்கு வீடியோ காலில்தான் வந்தார். அட்சதை போடக் கையைத் தூக்கினார். யாரோ அந்தக் கையை நகர்த்திவிட்டு முகத்துக்குப் பவுடர் போட்டார்கள். நான் பந்தியில், "ஷூட்டிங்குங்க" என்று இளித்துக்கொண்டே சாம்பார் ஊற்றினேன்.

ஒருமுறை காய்ச்சல் தாங்காமல் போன் செய்தேன்.

"நான்தாங்க, தேவகி."

"சொல்லுங்க சிஸ்டர். நம்ம பாட்டு கேட்டுகினு இருக்கீங்களா? ரொம்ப சந்தோஷம்."

பதினாறு வருடம் குடும்பம் நடத்தியவள், வேறென்ன சொல்வேன்? "சூப்பர் சார்" என்று வைத்துவிட்டேன்.

பொங்கலுக்கு வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். மாத்திரை போட்டால்தான் தூக்கமாம்.

"பேஜாரா கீது தேவகி. நிறுத்தினா ஜனங்க உடமாட்டாங்க. இந்தத் தொண்டை போனாத்தான் எனக்கு ரெஸ்ட்டு" என்று சிரித்தார்.

விளையாட்டுப் பேச்சு எனக்கு என்றைக்குமே புரிந்ததில்லை. மறுநாள் பட்டறையிலிருந்து கொஞ்சம் திராவகம் எடுத்து வந்தேன். கச்சேரிக்குக் கிளம்பும்முன் அவர் குடிக்கும் மிளகுக் கஷாயத்தில் கலந்தேன். அதிகமில்லை மேடம். கட்டினவர் அல்லவா, மனம் வரவில்லை.

நீங்கள் பிடித்து வைத்திருக்கும் களம்பூர் பாட்டுக்காரர் ராஜ்குமாரை அனுப்பிவிடுங்கள். அவருக்குப் பொறாமை உண்டுதான். ஆனால் பாவம், கஷாயம் வைக்கத் தெரியாது.

இப்போது வாசலில் கூட்டமில்லை. நாளெல்லாம் என் பக்கத்திலேயே இருக்கிறார். மூக்கில் போட்ட குழாய் வழியாக நான்தான் கஞ்சி ஊற்றுகிறேன். சீக்கிரம் எழுதிக்கொண்டால் நல்லது, அவருக்குக் கஞ்சி நேரம்.

கஷாயம் கொடுத்தது நான் என்று அவருக்கு நன்றாகவே தெரியும் மேடம். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள், இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.