பேக்கரிக்கு வந்த முதலாளியின் அம்மா

குவைத்தில், ஃபஹாஹீலிலிருந்து மங்காஃப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு தமிழர்கள். இளையவர் சொன்னார்:

"எங்க பேக்கரி முதலாளி கருகுன ரொட்டி தின்னு வளந்தவருண்ணே."

"வெள்ளைக்காரனுக்கு ஏதுடா பட்டினி?"

"அயர்லாந்துக்காரருண்ணே. அப்பா செத்ததும், அம்மா வீட்டு அடுப்புல ரொட்டி சுட்டு வித்திருக்காங்க. நல்லதெல்லாம் வித்துப் போயிரும். கருகுனதுதான் பிள்ளைங்களுக்கு. இப்ப குவைத்துலயே மூணு கடை."

"அந்தம்மா இருக்காங்களா?"

"போன வாரம் வந்தாங்க. நேரா கிச்சனுக்குள்ள வந்து எங்களையெல்லாம் உக்காரச் சொன்னாங்க. 'சுட்டவங்க மொதல்ல சாப்பிடட்டும்'னு மகன்கிட்ட சொன்னாங்க. முதலாளியே தட்டுல ரொட்டி எடுத்துட்டு வந்து பரிமாறுனாரு."

"நீ என்னடா பண்ணே?"

"கூச்சமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்னேண்ணே."