நாற்பது சட்டங்கள்

மட்டிச் சிப்பி எண்ணுவதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். முழங்கால் நன்றாக இருந்தால் போதும். கடல் வற்றியதும் சேற்றில் நேராக ஒரு கயிற்றைக் கட்டி, அதை ஒட்டி நாற்பது இடங்களில் சதுரச் சட்டத்தை வைத்து, சட்டத்துக்குள் தோண்டிக் கிடைப்பதை எண்ணி எழுத வேண்டும். எங்கள் கழிமுகத்தில் இந்த வருஷத்தோடு இருபத்தாறு வருஷமாக நான் செய்துவந்தது அவ்வளவுதான்.

முதல் வருஷம் சட்டத்துக்கு நூறு மட்டி கிடைத்தது. போன வருஷம் நான்கு. மேலே மாட்டுப் பண்ணைகளிலிருந்து மண் கரைந்து வந்து மூடுகிறது என்று ஒவ்வொரு வருஷமும் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினேன். ஒவ்வொரு வருஷமும் நன்றி சொல்லிக் கடிதம் வந்தது. கண்ணெதிரே சாவதை எண்ணுவதைத் தவிர எனக்கு வேறொன்றும் செய்ய வழியில்லை. கையாலாகாதவன் என்று என் வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை, சார்ஜென்ட்.

மெரியானா பதினொரு வருஷமாக என்னோடு எண்ண வருகிறவள். அவளுடைய மாவோரி குலத்தார் காலங்காலமாக மட்டி எடுத்துத் தின்ற கரை அது. அவளுக்கு வாய் ஓயாது. அன்று காலையிலும், "டெஸ், நீ மட்டிக்கெல்லாம் பேரு வெச்சிருக்கேன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. இந்த வருஷம் பேருதான் மிச்சமாகும் போலிருக்கு" என்றாள். நானும் சிரித்தேன்.

நான் இருபத்திரண்டாவது சட்டத்தில் இருந்தபோது, சோதனைக்குத் தண்ணீர் எடுக்க ஓடை ஓரம் போனவள் இடுப்புவரை சேற்றில் இறங்கிவிட்டாள். "மாட்டிக்கிட்டேன், டெஸ். சிரிக்காத. கையில இருக்கறத முடிச்சிட்டு வா, நான் எங்க ஓடிடப் போறேன்" என்றாள். இது அவளே சொன்னது. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

முப்பதாவது சட்டத்தில் கடல் திரும்பி ஏறத் தொடங்கியது. ஓடையில் தண்ணீர் சீக்கிரம் ஏறும். "எண்ணினது போதும், டெஸ். கயித்த எடுத்துட்டு வா" என்றாள். எங்களிடம் இருந்தது அந்த ஒரு கயிறுதான். அதை எடுத்துவிட்டால் பாக்கிச் சட்டங்கள் எங்கே விழவேண்டும் என்று தெரியாமல் போய்விடும். அவ்வளவு தூரம் கடல் வற்றுவது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். ஒரு வருஷம் விட்டுப்போனால் அதையே சாக்காக வைத்து மொத்தப் பதிவையும் தூக்கி எறிந்துவிடுவார்கள். அந்தக் கரையில் படகுத்துறை கட்ட நினைப்பவர்கள் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். "இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தேன். வேகமாகத்தான் எண்ணினேன்.

காற்றில் எதுவும் கேட்கவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னது பொய். எல்லாம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டுத் தன் புருஷனைக் கூப்பிட்டாள். அவன் அன்று ஊரிலேயே இல்லை. எனக்கு அழுகை வந்தது. இரண்டு சட்டங்களில் எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

அவள் குரல் நின்றபோது இன்னும் ஐந்து சட்டங்கள் பாக்கி இருந்தன. அவற்றையும் எண்ணி முடித்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்த்தேன். ஐந்திலும் ஒரு மட்டிகூட இல்லை.