தலைவர் மட்டும் கதைக்கலாம்

மத்தியஸ்தம் பார்க்கிறவனுக்கு விசிலைவிட நல்ல சப்பாத்துத்தான் முக்கியம், ஐயா. முல்லைத்தீவுக் கரையில் எங்கள் உதைபந்தாட்ட மைதானங்களில் புல்லைவிட மணல்தான் அதிகம். மட்டமான சப்பாத்தோடு ஓடினால் இடைவேளைக்கு முன்பே குதிக்கால் பிய்ந்துவிடும். பார்க்க வருகிற சனத்துக்கு இதெல்லாம் தெரியாது. மத்தியஸ்தருக்குக் கண் தெரியாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

கொலின்ஸைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல விளையாட்டுக்காரன், வள்ளம் இழுத்து உரமேறிய உடம்பு. ஆனால் வாய் அடங்காது. போன வருடத் திருவிழாக் கிண்ணப் போட்டியில் அவன் போட்ட ஒரு கோலை நான் ஓப்சைட் என்று மறுத்தேன். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மஞ்சள் அட்டையோடு முடிந்திருக்கும். சனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "மாஸ்டர் நிண்டு களைச்சுப்போனார். ஆராவது அவருக்கு ஒரு கதிரை குடுங்கோ" என்றான்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ ஒருவன் உண்மையாகவே ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து நடு மைதானத்தில் வைத்தான். அன்றிலிருந்து ஊரில் எனக்கு வேறு பெயர் இல்லை. மீன் வாங்கப் போனால் கதிரை மாஸ்டர். பூசைக்குப் போனால் பின்வரிசை வாங்கில் குசுகுசுப்பு. என் மகள் ஜெயரூபினியின் கலியாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டுவிட்டுத் தங்களுக்குள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். இதற்கு எந்த அட்டையைக் காட்டுவது, நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே இந்த வருடம் எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு விதி கொண்டுவந்தேன். அணித்தலைவர் மட்டும் மத்தியஸ்தரோடு கதைக்கலாம். வெளிநாடுகளிலும் இப்போது அப்படித்தான். வேறு யார் வாய் திறந்தாலும் அந்த அணியே போட்டியிலிருந்து வெளியே என்பது மட்டும் என் சொந்த யோசனை. எல்லாரும் கைதட்டினார்கள். முதற் சுற்றிலேயே ஒருவன் "ஏன் மாஸ்டர்" என்று கேட்டான். அவனுடைய அணி மூட்டை கட்டியது. அதன் பிறகு மைதானம் பரீட்சை மண்டபம் மாதிரி இருந்தது. மனதுக்கு எவ்வளவு சுகம் தெரியுமா.

இறுதியாட்டத்தில் கொலின்ஸ்தான் ஓர் அணிக்குத் தலைவர். இடைவேளைக்குப் பிறகு, கிட்ட நின்று ஒருவன் ஓங்கி அடித்த பந்து அவன் நெஞ்சில் பட்டது. கொஞ்சம் நடந்தான். பிறகு முகங்குப்புற விழுந்தான். பந்து மற்றப் பக்கம் போய்விட்டது. நான் விசில் ஊதவில்லை.

அவனுடைய தம்பி டிலக்ஸன்தான் கோல் காப்பாளர். கோலை விட்டுவிட்டு ஓடி வந்து என் முன்னால் நின்றான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு அண்ணனைக் கையால் காட்டினான். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"உம்மட தலைவரைக் கூப்பிடும். அவர் வந்து கதைக்கட்டும்" என்றேன். நீர் என்றுதான் சொன்னேன் ஐயா, மரியாதையில் குறை வைக்கவில்லை.

மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்று என் வாயைப் பார்த்தார்கள். கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. டிலக்ஸன் என்னைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். பிறகு அவன் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு போய், கொலின்ஸைக் கமக்கட்டில் பிடித்துத் தூக்கி, இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். கதைப்பதற்காகத்தான். கொலின்ஸின் கால் இரண்டும் மணலில் இழுபட்டன. உதடு நீலமாக இருந்தது.

"சொல்லும், கொலின்ஸ்" என்றேன்.

தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. சொல் வரவில்லை. நான் பொறுமையாகக் காத்திருந்தேன். பிறகு, "முறைப்பாடு இல்லையெண்டால் விளையாடுங்கோ" என்றேன்.

கடைசியில் தாய் புனிதமலர்தான் எல்லைக் கயிற்றுக்குக் கீழால் நுழைந்து ஓடி வந்தார். "மாஸ்டர், பிள்ளை மூச்சு விடேல்லை. வாகனத்துக்குச் சொல்லுங்கோ." அவர் விளையாட்டு வீரர் அல்ல, விதி அவரைக் கட்டாது. அதை ஏற்றுக்கொண்டு விசில் ஊதினேன். வாகனம் வருமுன் அவன் உயிர் போய்விட்டது.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பான் என்று வைத்தியர் சொன்னாராம். பள்ளிக்கூடத்தில் முதலுதவி படிப்பித்தவன் நான். அவன் விழுந்த விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. விசில் வாயில்தான் இருந்தது. ஊதினால் பிழைப்பான் என்று தெரிந்துதான் ஊதாமல் நின்றேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். செத்தவீட்டுக்கு நான் போனேன். படலையில் டிலக்ஸன் நின்றான். அண்ணனைப் போலவே வாய்க்காரன், முன்பென்றால் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டான். அன்று ஒரு சொல் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எனக்கு வழி விட்டான். பெடியன் திருந்திவிட்டான், ஐயா.