நாலேகால் அடித் தண்ணீர்

பழைய படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் முதலில் ஈரத்தைக் காயவிட வேண்டும், சார். அவசரப்பட்டால் ஒரே மாதத்தில் உரிந்துவிடும். நான் மூன்று வாரம் காயவிட்டேன். ஊரில் என்னை அவசரக்காரன் என்று சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள், அதனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் ஞானசீலன். பரவையில் குடியிருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் வாத்தியார். விசைகளைப் பிரிப்பது எப்படி என்று காட்ட வருடா வருடம் கரும்பலகையில் பாய்மரப் படகு வரைந்தவன், ஒருநாளும் அதில் ஏறியதில்லை. ஓய்வு பெற்றதும் தூத்துக்குடியில் ஒருவர் வேண்டாமென்று போட்டிருந்த இருபதடிப் படகை வாங்கி லாரியில் ஏற்றிவந்தேன். வாசலில் நிறுத்தி, ஓட்டை அடைத்து, பாய் தைத்து, எல்லாம் என் கையாலேயே செய்தேன்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த வகைப் படகின் அடியில் கனமான இரும்புத் தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். காற்றில் கவிழாமல் பிடிப்பது அதுதான். அது தரை தட்டாமல் இருக்க நாலேகால் அடித் தண்ணீர் வேண்டும். எங்கள் ஊர்க் கண்மாயில் கிரேன் நிற்கத் தோதான இடம் ரோட்டோரப் படித்துறை மட்டும்தான். கண்மாய் நிறைந்தாலும் அங்கே மூன்றரை அடிக்கு மேல் நிற்காது. கடலுக்குக் கொண்டுபோ என்றார்கள். கடலில் விட்டால் என்னை யார் பார்ப்பார்கள்?

படகைத் தண்ணீரில் இறக்கும் விழாவுக்கு இரண்டு தடவை பத்திரிகை அடித்தேன். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துப் படகை மந்திரிக்க வருவார், பிறகு எல்லாருக்கும் சாப்பாடு. இரண்டு தடவையும் தண்ணீர் போதாமல் ஒத்திப்போட்டேன். அதன்பிறகு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தாலே போதும், என் மச்சினன் ஆல்பின் நாலு பேர் காதில் விழக் கேட்பான். "அத்தான், கப்பல் எப்பக் கெளம்புது? பாஸ்போர்ட் எடுத்துட்டு வாரேன்."

என் மனைவி ஆன்மேரி சிரிக்கக்கூட மாட்டாள். "வாசல்ல துணி காயப்போட எடமில்ல. பேசாம எடைக்குப் போட்டுருங்க."

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். முக்கால் அடித் தண்ணீர். குறை அவ்வளவுதான்.

கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தது. மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக, அதாவது கரையில் அதற்கென்றே கட்டிய கல்கட்டின்மேல் வழிந்து, வீணாக வெளியேறிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றாவது பத்திரிகையும் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் நாற்பது மணல் மூட்டையைக் காரில் நடை நடையாகக் கொண்டுபோய்க் கலுங்கின்மேல் அடுக்கினேன்.

மலையாண்டி வந்தார். கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிறவர் அவர்.

"என்ன சார் இது? போன மாசம் மண்ணப் போட்டுக் கட்டுன கரை. இம்புட்டுத் தண்ணி தாங்காது. கீழதான் எம் மக வீடு இருக்கு."

"மேலிடத்து உத்தரவு மலையாண்டி. நானே பேசிட்டேன்."

அப்படி ஒரு உத்தரவும் கிடையாது. அவர் மகள் சின்னத்தாய் என்னிடம் படித்தவள். வாத்தியார் பொய் சொல்வார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "சார் சொன்னாச் சரி" என்று போய்விட்டார்.

கரை தாங்குமா என்று நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாங்காது என்றுதான் வந்தது. ஞாயிறு மதியம்வரை தாங்கினால் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு பதினொன்றரைக்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். கிரேன் படகைத் தூக்கியது. அந்த நேரம் பார்த்து மலையாண்டி போன் செய்தார்.

"சார், கரை கசியுது. மண்ணு கரைஞ்சு வருது சார். மூட்டையப் பிரிச்சு விட்டுரட்டுமா?"

"பொறுங்க. ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன். நான் சொல்ற வரைக்கும் கை வைக்காதீங்க."

போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன். படகு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அப்போது மூட்டையைப் பிரித்தால் என் நிலைமை என்ன? நீங்களே சொல்லுங்கள்.

மலையாண்டி இருபது நிமிடம் கலுங்கிலேயே நின்று எனக்குத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார். மூட்டையில் கை வைக்கவில்லை. சொன்ன சொல் கேட்கிற மனுஷன். மகளை வெளியே கூப்பிட அவர் ஓடியிருக்கலாம். அதை நான் தடுக்கவில்லையே.

கரை உடைந்தது. நாலு வீடு போயிற்று. சின்னத்தாயும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் போனார்கள். மூட்டை அடுக்கியது நான். உடையும் என்று தெரிந்துதான் அடுக்கினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போடுகிறேன்.

ஆனால் நீங்கள் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. படகு மிதந்தது. தண்ணீர் இறங்கும்வரை ஆறு நிமிடம், ஒரு பக்கமும் சாயாமல் நின்றது. உடைந்த சத்தம் கேட்டதும் சாமியார், ஆல்பின், ஆன்மேரி, கிரேன்காரர் எல்லாரும் கரைப்பக்கம் ஓடிவிட்டார்கள். அத்தனை பேரைக் கூப்பிட்டிருந்தேன், ஒருத்தராவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.