தொரை குரலில் வந்த உத்தரவு

செடெனாக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். 1938, ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. தோட்டத்து ஆபீஸின் தலைமை எழுத்தர் தோமஸ் போனில் பேசுகிறார். எல்லோருக்கும் அவர் பெரிய கிராணி; அவருக்கு மேலே வெள்ளைக்கார மானேஜர், தொரை, மட்டும்தான்.

ஹலோ... ஹலோ, எக்ஸ்சேஞ்சா? ஜொகூர் பாரு போடுங்க. கடலோரத்து நாடகக் கொட்டகை... ஆமா, ஆமா, அதேதான். சீக்கிரம் ஐயா, எனக்கு நேரமில்ல... தோட்டத்துப் பெரிய கிராணி பேசறேன். காத்திருக்கேன்.

ஹலோ... யாரும்மா பேசறது? ... அங்க கிரகோரின்னு ஒரு ஆளு. கோமாளி வேஷம் கட்டுறவன், ரேடியோவுலயும் பேசுறான்... குளிக்கிறானா? ... என்னது, ஊருக்குப் போயிட்டானா? ஏம்மா, குளிக்கிறானா, ஊருக்குப் போயிட்டானா, ஏதாச்சும் ஒண்ணு சொல்லு...

போதும். அந்தப் பொம்பளைக் குரலை விடு... தெரியும்டா. உன்கூட ஒரே பாயில படுத்து வளந்தவன் நான். உன் குரல்ல பேசு... ம்.

அண்ணேன்னு கூப்பிடாத. பன்னெண்டு வருஷமா இல்லாதது இன்னைக்கு என்ன... ஆமா, நான்தான் கூப்பிடக் கூடாதுன்னேன். அது அப்படியே இருக்கட்டும். செவ்வாக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு எங்க இருந்த? ... ஒத்திகையா. நல்லது. அதே ஒன்பது மணிக்கு இங்க ஆபீசுக்கு ஒரு போன் வந்துச்சு.

தெரியாதா? தெரியாதுன்னா கேட்டுக்க. தொரை அன்னைக்குச் சிங்கப்பூர் போயிருந்தாரு. போன்ல தொரை குரல். அங்கம்மாளையும் அவ ஆத்தாளையும் லாரியில ஏத்து, ஸ்டேஷனுக்கு அனுப்பு, பத்தரை ரயில், கேள்வி கேக்காதன்னு. பைப்பைப் பல்லுல கடிச்சுக்கிட்டு அவரு பேசுற தமிழு, அந்த இழுப்பு, நடுவுல அந்த உறுமல்... நான் எழுந்து நின்னேன்டா. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கிட்டு, போன் பெட்டிக்கு முன்னால நின்னு, யெஸ் சார், யெஸ் சாருங்கிறேன். சின்னக் கிராணிங்க ரெண்டு பேரும் என்னைப் பாத்துட்டு அவனுங்களும் எழுந்து நின்னானுங்க.

சிரிக்கிறியா? ... இருமலா. சரி, இருமிக்க.

நீதான்னு எப்படிக் கண்டுபிடிச்சேன்னா கேக்கற? கடைசியில 'தேங்க் யூ, தோமஸ்'னு சொன்ன. பத்தொன்பது வருஷத்துல அந்த மனுஷன் வாயிலேர்ந்து அது வந்ததில்ல. சாப்பிட உக்காந்தப்பதான் எனக்கு உறைச்சுது. அதுக்குள்ள ரயில் ஜொகூர் பாரு போய்ச் சேந்திருக்கும்.

ஏன் செஞ்ச? ... ம்... ம்... திருநாளுக்குக் கூலிங்க குடியிருக்கிற லயத்துல ஆடிக்காட்ட வந்தியே, அப்பவா? அவ ஆத்தா உன்கிட்ட அழுதாளாக்கும்... என்கிட்டயும்தான் அழுதா. இதே மேசைக்கு முன்னால நின்னு அழுதா... ஆமா. தொரை பங்களா வேலைக்கு அங்கம்மா பேரை எழுதினது நான்தான். தொரை சொன்னாரு, எழுதினேன்... நீ சொல்லித் தர வேணாம். பங்களாவுக்குப் போன பொண்ணுங்க என்ன ஆனாங்கன்னு எனக்குத் தெரியும். அங்க போன தனலெட்சுமிய ஆத்துலேர்ந்து பொணமாத் தூக்கின அன்னைக்கு அவ பேரை ரெஜிஸ்டர்ல அடிச்சது என் பேனா.

...

இருக்கேன். லைன்லதான் இருக்கேன். குறுக்கப் பேசாம கேளு.

நீ யாருடா இதுல தலையிட? கோயில்ல பாஸ்கா நாடகம் போட்டாங்க, உனக்கு யூதாஸ் வேஷம் குடுத்தாங்க. எழுதிக் குடுத்ததைப் பேசுனியா? கடைசி இராப்போசனத்துல இன்னொரு ரொட்டி கிடைக்குமான்னு கேட்ட. சாமியாரு உட்பட கோயிலே சிரிச்சுது. அப்பா உபதேசியாரு, பீடத்துக்கு முன்னால முட்டி போட்டவரு எழுந்திரிக்கவே இல்ல. அதோட நின்னியா? நாடகக் கம்பெனிக்கு ஓடுன. அப்புறம் ஊமைப் படத்துக்குத் திரை ஓரமா நின்னு ராசாவுக்கு ஒரு குரல், ராணிக்கு ஒரு குரல், குதிரைக்கு ஒரு குரல். படமே பேச ஆரம்பிச்சதும் அந்தப் பொழப்பும் போச்சு. சந்தையில தைலம் வித்த. கிராமபோன் பிளேட்டுல மாமியா மருமக சண்டை போட்ட. அந்தப் பிளேட்டை இங்க டாக்டர் வீட்டுல வச்சாங்க, நான் எழுந்து வெளிய வந்துட்டேன். உறவான்னு தொரையே ஒரு தடவை கேட்டாரு. இல்ல சார், எங்க அப்பாவுக்கு நான் ஒரே மகன்னேன்.

... ஆமா. சொன்னேன். பொய்தான்.

இப்ப விஷயத்துக்கு வா. தொரை நேத்து வந்துட்டாரு. அங்கம்மா எங்கன்னு கேட்டாரு, நீங்க போன்ல சொன்னீங்களே சார்னேன். பைப்பைப் பத்த வச்சுக்கிட்டு பங்களாவுக்குப் போயிட்டாரு. கத்தியிருந்தாக்கூட எனக்குத் தேவலாம். இன்னைக்கு இன்ஸ்பெக்டர் வந்திருக்காரு. பங்களாவுல வெள்ளிச் சாமான் காணோம், அந்தப் பொண்ணுதான் எடுத்துட்டான்னு தொரை எழுதிக் குடுத்திருக்காரு... எடுக்கல, எனக்குத் தெரியாதா? சாமான் அலமாரியிலதான் இருக்கு. திருடின்னாதானே போலீஸ்கார மாத்தா போய்ப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவான்.

தொரையும் இன்ஸ்பெக்டரும் இப்ப ரயில் ஸ்டேஷன்ல விசாரிக்கப் போயிருக்காங்க. நாலு மணிக்கு வருவாங்க. வந்தா வேதபுஸ்தகத்து மேல கைய வச்சு, போன்ல பேசினது யாருன்னு என்னைக் கேப்பாங்க... நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல. உன்னை நாடு கடத்தி நாகப்பட்டினம் கப்பல்ல ஏத்தினா திரும்பி வர முடியாது, அதையும் தெரிஞ்சுக்க.

அது இருக்கட்டும். அந்தப் பொண்ணு எங்க தங்கியிருக்கா? ... சொல்ல மாட்டியா? நான் கேக்கறேன், சொல்லு. வயசுப் பொண்ணு. கூத்தாடி ரூமுல வச்சிருக்கான், உபதேசியாரு மகன் வச்சிருக்கான்னு நாளைக்குப் பேச்சு வரும். எனக்குத் தெரிஞ்சாகணும்... உன் ரூமுல இல்லியே? சத்தியமா? ... அப்ப யார் வீட்டுல? ... வினிஃப்ரெட் டீச்சர் வீடா. தேவாலயத்துக்குப் பின்னால, பச்சைக் கதவு வீடு. ஆத்தாளும் கூடத்தான் இருக்காளா? ... சரி. அது வரைக்கும் மானம் போகல.

இது என்ன சத்தம்னு கேக்கறியா? ... ஒண்ணுமில்ல. மழைக்குக் கம்பி கரகரங்குது.

... கிரகோரி, வேணாம். அந்தத் தொரை குரலை எடுக்காத... என்ன, பச்சைக் கதவு எந்தத் தெருன்னா? நீதானே சொன்ன, என்னைக் கேக்கற? ... இதுல என்ன விளையாட்டு? நான் இங்க வேர்த்துக் கொட்டிட்டு நிக்கிறேன்... திட்டுறியா? அவரு மாதிரியே திட்டிக் காட்டுறது பெரிய சாமர்த்தியமாடா? அந்த ஆளு மிருகம். மிருகத்துக் குரல்ல என்கிட்ட பேசாத...

என்ன? நீ பேசலயா? ... இரு. ஒரு நிமிஷம் இரு. ரெண்டு குரலும் ஒரே நேரத்துல... கிரகோரி, வாயை மூடு. மூடிட்டியா?

...

யெஸ் சார்.

பங்களாவுலேர்ந்தா சார்... பின்பக்க ரோட்டுல வந்தீங்களா. கார் சத்தம் எனக்குக் கேக்கல சார்... யெஸ் சார். கேட்டிருப்பீங்க... யெஸ் சார், பச்சைக் கதவு வீடுன்னதையும் கேட்டிருப்பீங்க... என் தம்பி சார். கூடப் பிறந்தவன். கிரகோரி... இல்லன்னுதான் சொல்லியிருந்தேன் சார். அது பொய்.

கிரகோரி, போனை வை. ஓடு. பச்சைக் கதவுக்கு உனக்கு அஞ்சு நிமிஷம். ரெண்டு பேரையும் கூட்டிட்டுச் சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டிடு... என்னைக் கேக்காத. எனக்கு ஒண்ணும் ஆகாது... தம்பி, ஓடுப்பா.

வச்சிட்டான்.

இல்ல சார். நான் வைக்கல... கேட்டேன் சார், போனை வைக்கச் சொல்றீங்க. வைக்க மாட்டேன். பங்களா கம்பியும் ஆபீஸ் கம்பியும் ஒண்ணு. நான் இதை மாட்டுற வரைக்கும் ஜொகூர் பாரு போலீசுக்கு நீங்க போன் போட முடியாது... தெரியும் சார். பத்தொன்பது வருஷம் சார்... கத்துங்க சார். நல்லாத் தெளிவா கேக்குது... சார்? ... ஹலோ?

விட்டுட்டுப் போயிட்டாரு. கார் கிளம்புது.

... ஹலோ, யாரு? எக்ஸ்சேஞ்சா... ஐயோ வெட்டாதீங்க. பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்... இல்லியே, அந்தப் பக்கம் ஆளு இருக்கு. மெதுவாப் பேசற ஆளு, உங்களுக்குக் கேக்காது... யெஸ், யெஸ். அவசரந்தான். குடும்ப விஷயம். தயவு பண்ணுங்க... பேசறேன். பேசறேன்.

ஆமா தம்பி, சொல்லு... ம்... ம்... அப்படியா? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? ... பிள்ளைக்கு என்ன, காய்ச்சலா? ... விட்டுருச்சா. நல்லது... ஞானஸ்நானம் எப்ப வச்சிருக்க? ... ஞாயித்துக்கிழமையா. என்ன பேரு? ... அப்பா பேரா. வை. நல்ல பேரு. நானே... நானே ஞானத்தகப்பனா நிக்கிறேன். வேற யாரையும் கூப்பிடாத... பொம்பளைப் பிள்ளைன்னு சொன்னியே, அதுக்கு எப்படி அப்பா பேரு... இல்ல, ஆம்பளைப் பிள்ளைதான். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்.

கார் ஆபீஸ் பக்கம் திரும்புது... ஒண்ணுமில்ல தம்பி, உன்கிட்ட இல்ல. பூசை எத்தனை மணிக்கு? ... ஏழு மணியா. நான் சனிக்கிழமையே ரயிலேறி வந்துடறேன். ஸ்டேஷனுக்கு வந்து நில்லு. இன்னும் என்ன... சாப்பாடு. சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு? ... எத்தனை பேரு வருவாங்க? ... ம்... ம்...

எக்ஸ்சேஞ்ச் ஐயா, இன்னும் முடியல. அவன் பேசிட்டிருக்கான்... சின்னக் கிராணி, அந்தக் கதவைச் சாத்து. தாழ்ப்பாளைப் போடு. நீ பின்னால போய் நில்லு... ஆமா தம்பி, கேக்குது. கதவை யாரோ தட்டுறாங்க, அவ்வளவுதான். நீ சொல்லு. அண்ணன் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். பிரியாணி போடலாம்னா? ... எத்தனை ஆடு...