அம்புக்குறி இல்லாத கட்டம்

எண்பதுகளின் கடைசி. ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி தோல் கம்பெனியில் கிளார்க். மாலைக் கல்லூரியில் ஆபீஸ் நிர்வாகமும் கம்ப்யூட்டரும் படிக்கிறாளாம்.

“நான் செய்யுற வேல யாருக்குமே தேவையில்லடி. போன மாசம்தான் கண்டுபுடிச்சேன்.”

“இன்னாடி சொல்ற?”

“காலேஜ்ல கம்ப்யூட்டர இன்னும் கண்ணுல காட்டல. உங்க ஆபீஸ்ல எந்தக் காயிதம் யார்கிட்ட போவுதுன்னு கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு வரைஞ்சிட்டு வாங்கன்னாரு சார். எல்லாத்துக்கும் அம்பு இருக்கு. தோல் பதம்பண்ற டிரம்ல எதுல எந்தத் தோல் ஓடுதுன்னு தினம் நான் எழுதுற ரிப்போர்ட்டுக்கு மட்டும் இல்ல. ஆறு வருஷமா நேரா பீரோவுக்குத்தான் போவுது.”

“ஐயோ! சார் இன்னா சொன்னாரு?”

“சபாஷ்னாரு. உங்க மேனேஜர்கிட்ட இதக் காட்டும்மான்னாரு.”

“காட்டிட்டியா?”

“எனக்கு இன்னா பைத்தியமா? அன்னிலேர்ந்து ரிப்போர்ட்ட மேனேஜர் டேபிள்மேல கொண்டுபோய் வெக்கிறேன்.”

“படிக்கிறாரா?”

“மொத வாரம் தொடவேயில்ல. இன்னிக்கு அஞ்சு நிமிஷம் லேட்டாய்டுச்சு. ‘அதப் பாக்காம நான் எப்பிடிம்மா வேல பாக்குறது’ன்னு சத்தம் போடுறாரு.”