ருக்கோ என்றால்

ஆவடியில் மாலை ரயில் ஏறிய இருவர் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுபவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“ஒரே ஒரு வார்த்தையால ஒரு மன்சன் கை போயிருக்கும், மச்சான்.”

“இன்னாபா சொல்ற?”

“புச்சா வந்த பஞ்சாப்காரரு, நான் கிரேன்ல தூக்கி நிறுத்தின இரும்புத் தகட்டுக்கு அடியில கையை வெச்சிக்கினு ‘ருக்கோ, ருக்கோ’ன்னு கத்துறாரு. எனக்கு ‘எறக்கு, எறக்கு’ன்னு காதுல வுழுது. எறக்கிட்டேன்.”

“ஐயோ! அவரு நிறுத்தச் சொன்னாரா?”

“ஆமா. நல்லவேளை, கையை இஸ்துகினாரு. கையுறைதான் மாட்டிக்கிச்சு. நான் எறங்கி அவராண்ட ஓடுனேன். அன்னிக்கே குந்திக்கினு அவரு பாஷையில நாலு வார்த்தை நானு, நம்ம பாஷையில நாலு வார்த்தை அவரு கத்துகினோம்.”

“இப்போ?”

“மேலேர்ந்து நான் சரின்றதுக்கு ‘டீக் ஹை’ன்றேன். கீழேர்ந்து அவரு ‘சரி மாமே’ன்றாரு.”